கிறிஸ்தவ ராப் – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆங்கிலக் கிறிஸ்தவ ராப் பாடல்களை விரும்பிக் கேட்கிறான். தானும் எழுதிப் பழகுகிறான். நான் கேட்டவரையில் அவற்றில் பல, தாளத்தோடு சொல்லப்பட்ட பிரசங்கங்களாகவே தோன்றுகின்றன. துப்பாக்கியையும் பணத்தையும் பாடிப் பழகிய வடிவம் விசுவாசத்தைத் தாங்குமா? அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கி அந்த வடிவத்தின் பிறவிக்குணம் அல்ல. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ குடியிருப்பு ஒன்றில் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்கு டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றியதைத்தான், ராப் பிறந்த ஹிப்ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஸ்டீபன் வைலியின் கிறிஸ்தவ ராப் ஆல்பமான ‘பைபிள் பிரேக்’ 1985-லேயே வந்துவிட்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியதை ஏற்றுக்கொண்ட நாம், ராப்பைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. தயக்கம் அமெரிக்கத் திருச்சபைகளிலும் இருந்தது. 2013-ல் ஒரு கருத்தரங்க மேடையில் கிறிஸ்தவ ராப் பாடகர்களைக் கீழ்ப்படியாத கோழைகள் என்று பழித்த ஒருவர், பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பிரசங்கமாகத் தோன்றுகிறது என்ற உங்கள் குறைதான் முக்கியமானது. பல பாடல்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் அதற்குக் காரணம் விசுவாசம் அல்ல, தொழில் தெரியாமைதான் என்பது என் உறுதியான எண்ணம். நான்கு தட்டுகள் கொண்ட ஓர் அளவை ராப்பர்கள் ‘பார்’ என்கிறார்கள். ஒரு சரணத்துக்குப் பெரும்பாலும் 16 பார்கள். இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் ஸ்நேர் என்ற டிரம்மின் அடி விழும். கேட்பவரின் காது அந்த இடத்துக்காகக் காத்திருப்பதால், வரியின் கனமான சொல் அங்கே வந்து விழுந்தால் நெஞ்சில் தைக்கும். இறையியல் நூலிலிருந்து எடுத்த நீண்ட சொற்களைத் தாளத்தைப் பாராமல் அடைத்தால் வேகம் இருக்கும், பாட்டு இருக்காது. இதில் அமெரிக்க ராப்பர் ரக்கிமிடம் பாடம் கேட்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் வரியின் கடைசியில் மட்டும் இயைபு வைத்துக்கொண்டிருந்த காலத்தில், சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்துப் பழகியிருந்த அவர், டிஜே எரிக் பி.யுடன் 1987-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் வரியின் நடுவிலும் ஒத்த ஒலிகளை அடுக்கி, வாக்கியத்தை ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்குள் ஓடவிட்டார். பின்னால் வந்தவர்கள் எதைப் பாடினாலும், அவர் திறந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

தொழிலுக்கு அடுத்தபடியாக, பாட்டுக்குள் ஒரு மனிதர் இருக்க வேண்டும். கிறிஸ்தவ ராப்பர் லெக்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் ‘கிராவிட்டி’ ஆல்பத்துக்காகக் காஸ்பல் பிரிவில் கிராமி விருது பெற்றவர்; அடுத்த ஆண்டு வந்த ‘அனாமலி’, எல்லா வகை ஆல்பங்களும் போட்டியிடும் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது. அந்த ஆல்பத்தில் ‘குட், பேட், அக்லி’ என்றொரு பாடல் உண்டு. தன் காதலி கருவுற்றபோது கருக்கலைப்புக்கு அவளைத் தள்ளிய குற்றத்தையும், சிறுவனாகத் தான் பாலியல் கொடுமைக்கு உள்ளானதையும் அதில் அவரே சொல்கிறார். பாவம் என்ற கருத்தை அவர் விளக்குவதில்லை. தான் செய்ததையும் தனக்குச் செய்யப்பட்டதையும் சொல்கிறார். அதனால் விசுவாசமில்லாத ஒருவரும் அந்தப் பாடலைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோக முடியாது. கோட்பாட்டைப் பாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்னொரு கிறிஸ்தவ ராப்பரான ஷாய் லின் 2008-ல் ஓர் ஆல்பம் முழுவதையும் பாவநிவாரணபலிக்கே ஒதுக்கினார். அதற்குத் தேவையான சொல்வளமும் வேதப்பயிற்சியும் அவரிடம் இருந்தன. இளம் வயதில் எழுதத் தொடங்குபவருக்கு அந்தச் சுமை பெரிது.

ஆகவே உங்கள் மகனைத் தடுக்காதீர்கள், தாளத்தைக் குறைகூறவும் வேண்டாம். ஆமென், அல்லேலூயா போன்ற சொற்கள் ஒன்றுகூட இல்லாமல், ஜெபிக்க முடியாமல் போன ஓர் இரவைப் பற்றி 16 பார்கள் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பின்னணித் தாள இசை இல்லாமல், கையால் தட்டிக்கொண்டு, உங்கள் முன்னால் உரக்கச் சொல்லட்டும். மூச்சு முட்டும் இடத்தில் வரியை வெட்ட வேண்டும். கை தட்டும் இடத்தில் வெற்றுச் சொல் விழுந்தால் அதை மாற்ற வேண்டும். அவனுக்குச் சம்மதமென்றால் எனக்கும் அனுப்பட்டும். வரிவரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்