ஒரு புள்ளி ஏறினால், ஒரு புள்ளி இறங்கினால்

(2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் எழுதிய கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

பென்சில்வேனியாவிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு நான் ஓட்டுப் போடப்போகும் முதல் அதிபர் தேர்தல் இது. ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் ஜெயிக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியதிலிருந்து, காலையில் எழுந்ததும் என் முதல் வேலை கருத்துக்கணிப்புச் சராசரியைப் பார்ப்பதுதான். ஒரு புள்ளி ஏறியிருந்தால் அன்றைக்கு வேலை ஓடும். இறங்கியிருந்தால் யாரோடும் பேசப் பிடிக்காது. போதாததற்கு வாக்காளர் பதிவு விவரத்தையும் வாராவாரம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வாக்காளராகப் பதியும்போதே இங்கே கட்சியையும் குறிக்கலாம்; எங்கள் மாநிலத்தில் அந்தப் பட்டியலில் ஜனநாயகக் கட்சிக்கு இருந்த முன்னிலை கரைந்துகொண்டே வருகிறது, அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. "நீ பார்த்தா மாறிடுமா?" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதும் நியாயம்தான், ஆனால் என்னால் விட முடியவில்லை.

இந்தக் கணிப்புகளை எவ்வளவு நம்பலாம்? பதிவு எண்ணிக்கையைப் பார்த்து நான் பயப்படுவது சரிதானா? எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி, போன வருஷமே குடியுரிமை வாங்கியவர்கள், இன்னும் வாக்காளராகப் பதிவு செய்யவில்லை. அவர்களிடம் இதைப் பற்றிப் பேசலாமா, இல்லை அது அத்துமீறலா? தேர்தல் இரவை எப்படித் தாண்டப்போகிறேன் என்று இப்போதே பயமாக இருக்கிறது.

எம்., பென்சில்வேனியா

அன்புள்ள எம்,

உங்கள் பிள்ளைகள் வளரப்போகிற நாட்டை யார் ஆளப்போகிறார் என்ற கவலையைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் "அரசியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. நிம்மதியாக இருப்பவர்கள் மட்டுமே உள்ள நாட்டில் தேர்தலுக்கு அர்த்தம் இருக்காது. நான் சொல்ல வருவது வேறு. நீங்கள் தினமும் பார்க்கிற அந்த இரண்டு எண்களுக்கும், நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற சக்தி கிடையாது. அவை பொய் என்று சொல்லவில்லை. அவற்றால் சொல்ல முடிவது கொஞ்சம், நீங்கள் அவற்றிடம் எதிர்பார்ப்பது நிறைய.

முதலில் கணிப்பு. ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஒவ்வொரு வேட்பாளரின் சதவீதமும் மூன்று புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள இடைவெளியை எடுத்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது உங்கள் மாநிலத்தின் கதையைப் பாருங்கள். 2016-இல் டிரம்ப் அங்கே வென்றது சுமார் 44,000 ஓட்டில். 2020-இல் பைடன் வென்றது சுமார் 80,000 ஓட்டில், அதாவது பதிவான ஓட்டில் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. இந்த அளவு வித்தியாசத்தை எந்தக் கணிப்பாலும் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க நேற்று 48, இன்று 47 என்று ஒரு எண் அசைந்தால், பெரும்பாலும் அங்கே எதுவுமே நடக்கவில்லை. நேற்று ஃபோன் எடுத்தவர்கள் வேறு, இன்று எடுத்தவர்கள் வேறு, அவ்வளவுதான்.

ஃபோன் எடுப்பதே இப்போது அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியூ ஆய்வு மையம் 1997-இல் தொலைபேசிக் கணிப்பு நடத்தியபோது நூற்றில் 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-இல் அது ஆறாகிவிட்டது. அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு பேசாத தொண்ணூற்று நான்கு பேரின் மனதையும் ஊகிக்க வேண்டும். வயது, இனம், படிப்பு, ஊர் என்று பார்த்து, குறைவாகச் சிக்கியவர்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள். அப்புறம் இன்னொரு கேள்வி இருக்கிறது, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான்: பதில் சொன்னவர்களில் யார் உண்மையிலேயே ஓட்டுப் போட வருவார்கள்? அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விதி வைத்திருக்கிறது. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. ஃபுளோரிடாவில் தான் எடுத்த கணிப்பின் மூலத் தகவலை, 867 பேரின் பதில்களை, அப்படியே வேறு நான்கு கணிப்பாளர்களிடம் கொடுத்து முடிவைச் சொல்லச் சொன்னது. அதே மனிதர்கள், அதே பதில்கள்தான். ஒருவர் ஹிலாரி கிளின்டன் 4 புள்ளி முன்னால் என்றார், இன்னொருவர் டிரம்ப் 1 புள்ளி முன்னால் என்றார். கணக்கில் யாரும் தப்பு செய்யவில்லை, யார் வரப்போகிறார்கள் என்ற ஊகம்தான் ஆளுக்கு ஆள் மாறியது.

"சராசரி எடுத்தால் சரியாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தற்செயலாக வரும் பிழைகள் சராசரியில் அடிபட்டுப்போகும். எல்லாக் கணிப்புகளும் ஒரே விதமான ஆட்களைத் தவறவிட்டிருந்தால் சராசரியும் சேர்ந்தே தவறும். 2020-இல் விஸ்கான்சினில் பிரபலமான சராசரி ஒன்று பைடனுக்கு 8 புள்ளிக்கு மேல் முன்னிலை காட்டியது. அவர் வென்றது ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில். நிறையப் பேரைக் கேட்டாலும் இந்த நோய் தீராது. 1936-இல் லிட்டரரி டைஜெஸ்ட் பத்திரிகைக்கு இருபது லட்சத்துக்கும் மேலானவர்கள் பதில் அனுப்பினார்கள், அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அது சொன்னது, அவரோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். இந்த 2024 ஜூனில் நம் ஊர் மக்களவைத் தேர்தலில் பார்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்புகளே பாஜக கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன, கிடைத்தது 293. இன்னும் ஓட்டே போடாதவர்களைக் கேட்பது அதைவிடக் கடினமான வேலை.

இங்கே ஒரு ஆசை வரும். போன இரண்டு தடவையும் டிரம்ப்பைக் குறைத்துக் காட்டினார்கள், ஆகவே இந்தத் தடவையும் மூன்று புள்ளியைக் கழித்துக்கொள்வோம் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள். அது வேலைக்காகாது. 2012-இல் கடைசி நேர தேசியக் கணிப்புகள் ஒபாமாவைக் குறைத்துக் காட்டின. 2022-இல் உங்கள் மாநிலத்திலேயே செனட் தேர்தலில் சில கடைசி சராசரிகள் குடியரசுக் கட்சியின் ஓஸ் லேசாக முன்னால் என்றன, ஜனநாயகக் கட்சியின் ஃபெட்டர்மன் ஏறக்குறைய 5 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது முன்னாலேயே தெரிந்தால் கணிப்பாளர்களே அதைத் திருத்திவிட மாட்டார்களா?

சரி, பதிவு எண்ணிக்கைக்கு வருகிறேன். உங்கள் பயத்தில் இதுதான் கொஞ்சம் நியாயமான பயம். கணிப்பு ஒரு ஊகம்; பதிவுப் பட்டியலில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். ஆனால் கட்சிவாரியான அந்த இடைவெளியை நீங்கள் படிக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சியின் பதிவு முன்னிலை 2008-இல் பத்து லட்சத்துக்கு மேல். 2016-இல் ஒன்பது லட்சத்துக்கு மேல், அந்த வருஷம் அவர்கள் தோற்றார்கள். 2020-இல் ஏழு லட்சத்துக்கும் கீழே இறங்கியது, அந்த வருஷம் ஜெயித்தார்கள். இந்த 2024-இல் சுமார் மூன்று லட்சம். இதை வைத்து நவம்பர் 5 எப்படிப் போகும் என்று யார் சொல்ல முடியும்? கென்டக்கி இன்னும் தெளிவான உதாரணம். 2000-லிருந்து ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே ஓட்டளித்த மாநிலம், ஆனால் 2022 வரை அங்கே பதிவுப் பட்டியலில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் அதிகம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு கட்சியின் பெயரில் பதிந்தவர், மனம் மாறிய பிறகும் அந்தக் காகிதத்தை மாற்றப் போவதில்லை. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே பழைய அடையாளத்தில் இருப்பார். பிறகு ஒருநாள் மாற்றுவார். அப்போது பட்டியலில் ஒரு சரிவு தெரியும், ஓட்டு எப்போதோ போய்விட்டிருக்கும். இதோடு இறந்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் நீக்குகிறார்கள், எந்தக் கட்சியையும் குறிப்பிடாமல் பதிகிற இளைஞர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். நீங்கள் பார்க்கும் சரிவில் பெரும் பங்கு பழைய செய்தி. கொஞ்சம் புதிய செய்தியும் இருக்கலாம், இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அந்தத் தம்பதிக்கு வருவோம். பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். அது அத்துமீறல் இல்லை. இந்தியாவில் வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, வாக்குச்சாவடி அலுவலர் வீடு தேடி வந்து பெயர் சேர்ப்பார், பட்டியலில் பெயர் இருப்பது அரசாங்கத்தின் வேலை. அமெரிக்காவில் பெரும்பாலும் அது உங்கள் வேலை. 1993 சட்டத்துக்குப் பிறகு ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிற இடத்திலேயே பதியலாம் என்று ஆனது, உங்கள் மாநிலத்தில் 2023-லிருந்து அங்கே தகுதியுள்ளவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழியப் பதிவு நடந்துவிடும். ஆனால் குடியுரிமைக்கு முன்பே உரிமம் எடுத்துவிட்டு, அதைப் புதுப்பிக்கும் நாள் இன்னும் வராதவர்கள் இந்த இடைவெளியில் அப்படியே விழுந்துவிடுகிறார்கள். அந்தத் தம்பதியும் அப்படி விழுந்தவர்களாக இருக்கலாம். பென்சில்வேனியாவில் இந்த 2024 தேர்தலுக்குப் பதியக் கடைசி நாள் அக்டோபர் 21. விஸ்கான்சின், மிச்சிகன் மாதிரி ஓட்டுப் போடும் அன்றே பதிந்துகொள்ளும் வசதி உங்களுக்குக் கிடையாது. 21-ஐ விட்டால் இந்தத் தேர்தலை விட்டது மாதிரிதான்.

பேசும்போது ஹாரிஸ், டிரம்ப் என்று தொடங்காதீர்கள். அவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் விரும்பாதவருக்கே போட்டாலும் அவர்கள் பதிய வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. நேரில் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க வேண்டாம். 1998-இல் யேல் பேராசிரியர்கள் ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் நியூ ஹேவன் நகரத்தில் சுமார் முப்பதாயிரம் வாக்காளர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். வீட்டு வாசலில் நின்று முகம் பார்த்துப் பேசியபோது வாக்களிப்பு கணிசமாகக் கூடியது. கூலிக்கு ஆள் வைத்து ஃபோனில் பேசியதால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த உற்சாகத்தில் கிரீன் கார்டிலோ ஹெச்1பி விசாவிலோ இருக்கும் நண்பர்கள் யாரையும் பதியச் சொல்லிவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாக உறுதி அளிப்பது குற்றம், நாட்டை விட்டே அனுப்பும் அளவுக்குப் போகும். உரிம அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தக் கேள்வியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

தபால் ஓட்டு என்றால் உங்கள் மாநிலத்தில் இன்னும் கவனம் தேவை. ஓட்டுச்சீட்டை முதலில் உள்ளே வைக்கும் ரகசிய உறையில் போட வேண்டும், பிறகு இந்த 2024 தேர்தல் விதிப்படி வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் வேண்டும். உள் உறை இல்லாமல் வந்த சீட்டுகளை எண்ணக் கூடாது என்று 2020-இலேயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தபால் முத்திரைத் தேதி உதவாது. ஒரு உறையை மறந்ததால் எத்தனை பேருடைய ஓட்டு குப்பைக்குப் போகிறது என்று நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. தினமும் சராசரியைப் பார்க்கும் நேரத்தில் தெரிந்தவர் ஒருவருக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் மனைவியின் கேள்விக்கும் அதுதான் பதில், பார்த்தால் மாறாது, சொன்னால் ஒரு ஓட்டாவது சரியாகப் போய்ச் சேரும்.

கடைசியாக, அந்த இரவு. பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. நேரில் போட்ட ஓட்டுகள் முதலில் வரும், தபால் ஓட்டுகள் மெதுவாகச் சேரும். 2020-இல் இதனால் டிரம்ப் ஒரு கட்டத்தில் ஏழு லட்சம் ஓட்டுக்குப் பக்கத்தில் முன்னால் இருந்தார், அது படிப்படியாகக் குறைந்து வெள்ளிக்கிழமை காலை பைடன் முந்தினார், செய்தி நிறுவனங்கள் முடிவை அறிவித்தது சனிக்கிழமை. தேர்தல் நடந்ததோ செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை தபால் ஓட்டு அவ்வளவு இருக்காது என்பதால் சீக்கிரம் முடியலாம். ஆனால் இரவு பத்து மணிக்குத் திரையில் தெரியும் எண்ணிக்கை எந்த மாவட்டத்திலிருந்து, எந்த வகை ஓட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதை நல்லதாகவோ கெட்டதாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை யாராவது திருட்டு என்று சொன்னால், நம் ஆட்கள் நடுவிலேயே அப்படிச் சொல்ல ஆள் இருப்பார்கள், எண்ணும் வரிசையை எடுத்துச் சொல்லுங்கள். மறுநாள் புதன்கிழமை. முடிந்தால் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதி பதிந்தார்களா என்று 21-க்குப் பிறகு ஒரு வரி எழுதுங்கள்.