பழைய லேண்ட் ரோவரில் சயாமுக்கு: ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் துரைக்கு லேண்ட் ரோவர் ஓட்டியவர். போன வருடம் அதே மாதிரி ஒரு வண்டி தைப்பிங்கில் கிடைத்தது. 1976ஆம் வருட சீரிஸ் த்ரீ, குட்டை பாடி, பெட்ரோல் இன்ஜின். அண்ணன் பெயரில் வாங்கிவிட்டோம். தீபாவளி முடிந்து நவம்பரில் கிளம்பி, தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவில் குன்மிங் வரை போய்த் திரும்பலாம் என்று திட்டம். லீவு 25 நாள். 1955இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை லேண்ட் ரோவரில் வந்தார்களே, நம்மால் குன்மிங் முடியாதா? கூரைக் கூடாரம், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், எல்இடி விளக்கு எல்லாவற்றுக்குமாகப் பதினைந்தாயிரம் வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். அப்பாவுக்கு 72 வயது. அவரும் வருகிறேன் என்கிறார். அவருடைய பெரியப்பா சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர். அப்பாவைக் கூட்டிப்போகலாமா? உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

எஸ்., செந்தூல்

*

அன்புள்ள தம்பி,

குன்மிங்கை இந்த முறை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு வண்டியைச் சீனாவுக்குள் ஓட்டிப்போக அங்குள்ள பயண நிறுவனம் மூலம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், தற்காலிக நம்பர் பிளேட்டும் தற்காலிக லைசென்ஸும் வாங்க வேண்டும், வழிகாட்டி ஒருவர் எல்லையிலிருந்து கூடவே வர வேண்டும். நாம் இங்கிருந்து எடுத்துப்போகும் அனைத்துலக லைசென்ஸ் அங்கே செல்லாது. எல்லாம் முன்பே எழுதிக்கொடுத்த தேதிப்படி நடக்க வேண்டும், ஆனால் ஐம்பது வருட வண்டி தேதிக்குக் கட்டுப்படாது. லாவோஸில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் ஒன்றரை நாள் நின்றுவிட்டால் எல்லையில் எல்லா ஏற்பாடும் கலைந்துபோகும், பணமும் போகும். அப்புறம் நீங்களும் அப்பாவும் உட்கார்ந்த முன்சீட்டில் வழிகாட்டியையும் நெருக்கிக்கொண்டு, கியர் கம்பி அவர் முட்டியில் இடிக்க, எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

1955 பயணத்தைச் சொல்லியிருந்தீர்கள். செப்டம்பரில் லண்டனில் கிளம்பி 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள், ஆறு மாதம். அந்த இரண்டு சீரிஸ் ஒன் வண்டிகளும் அப்போது புத்தம் புதியவை. அதில் ஒன்றுதான் 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓட்டிப்போகப்பட்டது. அப்போது அதற்குத் துணையாக வேறு வண்டிகள் கூடவே போயின. உங்களிடம் இருப்பது ஒரே வண்டி, அதற்கு வயதும் ஆகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு வடதாய்லாந்து வரை போய் வாருங்கள். 25 நாளுக்கு அது நிறைவான பயணம், மலையும் வேண்டிய மட்டும் இருக்கிறது.

அப்புறம் நவம்பர் வேண்டாம். தென்தாய்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பரும் டிசம்பரும்தான் பெருமழைக் காலம். ஹாட்யாய் 2000, 2010, 2025 என்று மூன்று முறை மூழ்கியதும் நவம்பரில்தான். ரொம்பத் தள்ளிப்போட்டு மார்ச்சில் போனாலும் ஆகாது, பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை சியாங் மாய், மே ஹோங் சோன் பக்கம் வயலையும் காட்டையும் எரித்த புகை மலை தெரியாமல் மூடிக்கொள்ளும், 72 வயது நெஞ்சுக்கு அது நல்லதில்லை. பொங்கல் முடிந்த மறுவாரம் கிளம்பி, ஜனவரி கடைசியில் மலையில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நன்றாகவே குளிரும், அப்பாவுக்குக் கெட்டியான ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள்.

இனி வண்டி. கூரைக் கூடாரமும் வின்ச்சும் வேண்டாம் தம்பி. வழி முழுக்கத் தார் ரோடு, இரவுக்கு ஊருக்கு ஊர் தங்குமிடம் உண்டு. உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்தப் பட்டை ஸ்பிரிங்கையும் பிரேக்கையும்தான் வாட்டும். அந்தப் பதினைந்தாயிரத்தை அப்படியே ரேடியேட்டர், பிரேக், பெட்ரோல் லைன், சேஸிஸ் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போடுங்கள்.

சேஸிஸிலிருந்து ஆரம்பியுங்கள். பாடி அலுமினியக் கலவை, அதனால் வெளியே பார்க்க வண்டி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அடியில் இருப்பது இரும்புப் பெட்டிச் சட்டம், அது உள்ளிருந்து மக்கும். வண்டியை ஏற்றி நிறுத்தி, சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின் குறுக்குச் சட்டத்திலிருந்து முன்னால் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். பெயின்ட்டுக்குப் பின்னால் மக்கிப்போன இடத்தில் சத்தம் பொத்தென்று அடங்கும், அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடங்களிலும் பாடியைத் தாங்கும் பக்கக் கைகளிலும் கொஞ்சம் பொறுமையாகத் தட்டுங்கள். அப்படி ஓர் இடம் அகப்பட்டால் மேலே தகடு ஒட்டி மறைக்க விடாதீர்கள், வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே அடைப்பு இருந்தால் தண்ணீர் ஓடும் குழாய்த் தொகுதியான கோரை மாற்றுங்கள். சூடு ஏறுகிறது என்றதும், இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய வழக்கம். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் புதிதாகப் போட்டுக்கொண்டு, சூட்டுக்கு உண்மையான காரணம் என்ன என்று தேடுங்கள். பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள்.

பெட்ரோல் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தாய்லாந்தில் பெரும்பாலான நிலையங்களில் ஊற்றுவது எத்தனால் கலந்த கேசஹால், அதில் பத்து சதவீதமும் உண்டு, இருபதும் உண்டு. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் அரித்துவிடும், ஹோஸ் பிசுபிசுத்து உட்புறமாக உரிந்து கார்புரேட்டரில் போய் அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸை இங்கேயே போட்டுக்கொண்டு, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஓர் அடி பழசு விடாமல் மாற்றிவிடுங்கள். கலப்பில்லாத பென்சின் 95 சில நிலையங்களில் கிடைக்கும், விலை கூடுதல், கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். டேங்க் 45 லிட்டர்தான். நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு, பதினேழு லிட்டர் குடிக்கிற இன்ஜின் அது. முள் பாதிக்கு வந்ததும் நிரப்புகிற பழக்கம் வேண்டும்.

கூட எடுத்துப்போக வேண்டிய சாமான்களில் நான் வலியுறுத்துவது பின் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட், இடதும் வலதும். உங்கள் குட்டை பாடி வண்டியின் பலவீனமே அதுதான். மேட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முறியும், வண்டி உறுமும், நகராது. அப்போது பதற வேண்டாம். சக்கர மத்தியில் இருக்கும் ஃபிளேஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். முறிந்த துண்டு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டிக்குள் நின்றுவிட்டால் அதையும் எடுத்தாக வேண்டும். ஸ்பேர் இல்லாவிட்டாலும், மஞ்சள் குமிழ்க் கம்பியை அமுக்கி நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினால் முன் சக்கரங்களே மெதுவாக இழுத்துக்கொண்டு அடுத்த ஊர் சேர்க்கும். பாயின்ட், ரோட்டர், ஃபேன் பெல்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும். இக்னிஷன் கண்டென்சர் மட்டும் கடைப் பெட்டியிலிருந்து நேராக எடுத்துப்போகாதீர்கள், ஒரு வாரம் வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடியதைக் கழற்றி ஸ்பேராக வையுங்கள். ஸ்பேனர்களும் அங்குல அளவில் உங்களுடையதே இருக்கட்டும், தாய்லாந்துப் பட்டறைகளில் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் இருக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் இதே வண்டியில் வேலைக்குப் போய் வாருங்கள். மாலை ஆறு மணிக்கு ஜாலான் ஈப்போ நெரிசலில் சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறி, இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், கீழே வந்ததும் நான்கு டிரம்முக்கும் அருகே கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் வேலை பாக்கி என்று அர்த்தம். பழைய வண்டியில் கோளாறுகள் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் வரும், அந்தச் சத்தமும் வாசனையும் காதுக்கும் மூக்குக்கும் பழகுவது ஓட்டினால்தான் முடியும். எந்தச் சாமான் பட்டியலையும்விட எனக்கு இந்த மூன்று மாதம்தான் முக்கியம்.

வழியைப் பற்றி. இங்கே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை முடிந்தவரை தவிர்த்து, தஞ்சோங் மாலிம், பீடோர், கம்பார், ஈப்போ, கோலகங்சார் என்று பழைய ரோட்டிலேயே போங்கள். மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டரில் ஓடும் வண்டியை லாரிகள் பின்னாலிருந்து நெருக்குவது ஓட்டுகிறவரைச் சீக்கிரம் களைக்கவைக்கும். புக்கிட் காயு ஹீத்தாமில் எல்லை கடந்து, ஹாட்யாய், பத்தாலுங், சும்போன், ராட்சபுரி. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் போதும், இருட்டுவதற்குள் நிறுத்திவிடுங்கள். இருபது நாள் ஓடினால் 5,000 கிலோமீட்டர், போய் வர அது சரியாக இருக்கும், மீதி ஐந்து நாள் ஓய்வுக்கும் ரிப்பேருக்கும். பாங்காக்குக்குள் போகவே வேண்டாம். ராட்சபுரியிலிருந்து பான் பொங் வழியாகக் காஞ்சனபுரி, அங்கிருந்து சுபன்புரி, நக்கோன் சவான், தாக். தாக்கிலிருந்து மே சோட் போய், 105ஆம் எண் சாலையில் மே சரியாங், பிறகு 108இல் மே ஹோங் சோன், 1095இல் பாய், சியாங் மாய். கடைசி இரண்டு சாலையிலும் வளைவுக்கு மேல் வளைவு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், அவசரப்படும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள்.

காஞ்சனபுரியில் இரண்டு இரவாவது தங்குங்கள், அதற்காக மலையில் ஒரு நாள் குறைந்தாலும் சரி. பான் பொங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனதும் அதற்குத்தான். காஞ்சனபுரி நகரத்துக்குள்ளேயே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, புல் வெட்டி, பெயர் பொறித்து, அருமையாகப் பராமரிக்கிறார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்த தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. இது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். நாம் போய்ப் பார்க்காவிட்டால் வேறு யார் போவார்கள்? அந்தப் பாதையில் ‘நாம் தோக்’ என்ற ஸ்டேஷன் வரைக்கும் இன்றும் ரயில் ஓடுகிறது, அப்பாவை அதில் கூட்டிப்போங்கள். தாம் கிராசேயில் பாறையை ஒட்டி மரத்தூண்கள்மேல் ரயில் ஊர்ந்துபோகும். கிளம்புமுன் பெரியப்பாவின் முழுப்பெயர், எந்தத் தோட்டம், யார் கூடப் போனார் என்று அப்பாவுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, அப்பாவைக் கூட்டிப்போகலாமா என்ற கேள்வியே வேண்டாம், கட்டாயம் கூட்டிப்போங்கள். டாக்டரிடம் ஒரு முறை காட்டி, மருந்தை ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு நல்ல மெத்தை போடுங்கள், பட்டை ஸ்பிரிங் முதுகை உலுக்கும். வயலிலும் செம்மண்ணிலும் அந்த வண்டியை ஓட்டிப் பிழைத்தவர் அவர். கியர்பாக்ஸ் எந்தச் சத்தம் போட்டால் கவலைப்பட வேண்டும் என்று உங்கள் பட்டறைப் போர்மேனைவிட அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த மூன்று மாத ஓட்டத்தில் வாரம் ஒரு நாள் அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். தாய்லாந்துக்குள் அந்நாட்டுக் கட்டாயக் காப்புறுதி வேண்டும், எல்லைக்கு இந்தப் பக்கம் சங்லூன் கடைகளிலேயே எடுக்கலாம். உங்கள் மலேசியக் காப்புறுதியிலும் தாய்லாந்து நீட்டிப்பு கேட்டு வாங்குங்கள். 2025 மே முதல் தாய்லாந்து வருகை அட்டையை இணையத்தில் முன்பே நிரப்ப வேண்டும். எல்லையில் சுங்கத்துறை கொடுக்கும் வாகனத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பும்போது அதைக் கொடுக்காவிட்டால் அபராதம். வண்டி அண்ணன் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள். அதற்கு அலைவதைவிட, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பெயர் மாற்றத்தை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.