மாடல் ஓரிடம், சர்வர் ஓரிடம், சட்டம் ஓரிடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஏஐ பாதுகாப்புக்காக 18 நாடுகள் சேர்ந்து விதிமுறை கொண்டுவந்ததாகப் படித்தேன். மீறினால் தண்டனை உண்டா?

கிடையாது. 2023 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் வெளியிட்ட வழிகாட்டி அது. ஜெர்மனி, ஜப்பான், சிங்கப்பூர், நைஜீரியா, சிலி உட்பட 18 நாடுகளின் அமைப்புகள் அதை ஏற்றுக்கொண்டன. சட்ட வலு இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். வடிவமைப்பு, உருவாக்கம், நிறுவுதல், பராமரிப்பு என ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதைப் பொறியாளருக்குப் புரியும்படி சொல்கிறது. பாதுகாப்புப் பொறுப்பைப் பயன்படுத்துபவர் தலையில் கட்டாமல், தயாரிப்பவரே முதலில் ஏற்க வேண்டும் என்கிறது. அரசுகள் தங்கள் டெண்டரில் இதை நிபந்தனையாக்கினால் அங்கே அது கட்டாயமாகிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட வேகமான வழி இல்லை.

இந்தியா அதில் இருக்கிறதா?

அந்த 18இல் இல்லை. அதே மாதம் பிரிட்டனில் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த ஏஐ பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனத்தை ஏற்ற நாடுகளில் இந்தியா உண்டு, சீனாவும் உண்டு. ஆனால் அது பொதுவான அக்கறையைச் சொல்லும் ஆவணம். வழிகாட்டியைப் பின்பற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம், உண்மைதான். இருந்தாலும் எழுதும்போது உட்கார்ந்திருந்தவர்களால்தான் தங்கள் பிரச்சினைகளை அதில் சேர்க்க முடியும். இந்தியா அங்கே இருந்திருக்க வேண்டும்.

சிறிய நிறுவனம் நடத்துகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏஐ மாடலை இறக்கிப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பைத்தான் நிரல்மொழியின் பிக்கிள் வடிவத்தில் சேமித்த மாடலைத் திறக்கும்போதே அதற்குள் இருக்கும் நிரலும் ஓடிவிடும். அப்படி விஷமம் வைத்த கோப்புகளை மாடல்களைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சேஃப்டென்சர்ஸ் வடிவத்தில் எண்கள் மட்டுமே இருக்கும், நிரல் ஓடாது. கிடைத்தால் அதையே எடுங்கள். அப்புறம், கோப்பின் ஹேஷ் எண் (கைரேகை போன்ற அடையாள எண்) வெளியிட்டவர் தந்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். முதல் ஓட்டத்தை இணைய இணைப்பில்லாத கணினியில் வையுங்கள்.

ஓர் அரசு தன் தரவை வேறு நாட்டு டேட்டா சென்டரில் வைத்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?

சாதாரணமாக, சர்வர் நிற்கும் மண்ணின் சட்டம். அதனால்தான் எஸ்டோனியா 2017இல் லக்சம்பர்குடன் தனி ஒப்பந்தம் போட்டது. 2007இல் அதன் அரசுத் தளங்களும் வங்கிகளும் பெரும் சைபர் தாக்குதலைச் சந்தித்தன. நாடே முடங்கினாலும் நிலப் பதிவேடு முதலான ஆவணங்கள் அழியாமல் இருக்க, லக்சம்பர்கில் நகல் வைத்திருக்கிறார்கள். எஸ்டோனியாவின் அனுமதியின்றி லக்சம்பர்க் அதிகாரிகள்கூட உள்ளே போக முடியாது. இதைத் தரவுத் தூதரகம் என்கிறார்கள். குஜராத்தின் நிதிச்சேவை நகரமான கிஃப்ட் சிட்டியில் பிற நாடுகள் இப்படி அமைக்க வழிசெய்வோம் என்று இந்தியாவும் 2023 பட்ஜெட்டில் அறிவித்தது.

ஏஐ வந்ததும் ஒரு சிக்கல் கூடுகிறது. நகலை மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, பூட்டி வைக்கலாம். மாடலை ஓட்டும்போதோ தரவு நினைவகத்தில் திறந்தாக வேண்டும். அந்த நேரத்தில் கணினியை முழுமையாகக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம். நினைவகத்தையும் மறையாக்கம் செய்யும் சிப்கள் வந்துவிட்டன. ஒப்பந்தத்தில் சட்டப் பாதுகாப்போடு இந்தத் தொழில்நுட்ப நிபந்தனையும் இருக்க வேண்டும்.

போட்டி நாடுகள் உண்மையில் ஒத்துழைக்குமா?

குறுகிய விஷயங்களில் ஒத்துழைக்கும். அணு ஆயுத முடிவு மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் ஒப்புக்கொண்டன. ஆனால் விரிவான விஷயங்களில் நட்பு நாடுகளே ஒன்றுசேர்வதில்லை: 2025 பிப்ரவரியில் பாரிஸ் ஏஐ மாநாட்டின் பொது அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை.

கடலடி கேபிள் அறுந்தால் ஏஐ சேவை நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது, மெதுவாகும். 2024 பிப்ரவரியில், ஏமனின் ஹூதி படையினரால் தாக்கப்பட்டு மிதந்த ரூபிமார் என்ற சரக்குக் கப்பலின் நங்கூரம் செங்கடலில் கேபிள்களை அறுத்ததாகக் கருதப்படுகிறது. பாதிக்கப்பட்டவற்றில் மும்பையில் கரையேறும் கேபிள்களும் உண்டு. பழுதுபார்ப்பு மாதக்கணக்கில் இழுத்தது. ஏமன் கடற்பகுதியில் வேலை செய்ய யாரிடம் அனுமதி வாங்குவது என்பதும் அதற்கு ஒரு காரணம். பழுதுபார்க்கும் கப்பலுக்கு உடனே அனுமதி தர நாடுகள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், இந்தத் தாமதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.