ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ரேமைத் தொடுங்கள்

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. கூடுதலாக 8 ஜிபி வாங்கி வைத்திருக்கிறேன். நானே மாட்டலாமா? பயமாக இருக்கிறது. - வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக மாட்டலாம்மா. முதலில், வாங்கியது உங்கள் மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் பெரிய பலகை) உரியதுதானா என்று பாருங்கள். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்3-க்கு 240 பின் (அடியிலுள்ள தங்க நிறப் பற்கள்), டிடிஆர்4-க்கு 288. பற்களுக்கு நடுவேயுள்ள வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அழுத்தித் திணிக்காதீர்கள்.

ஷட்-டவுன் செய்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். அணைத்த பிறகும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். குன்னூரில் கடை போட்ட புதிதில் இதை மறந்து ஒரு வாடிக்கையாளரின் போர்டையே இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. பிளக்கை எடுத்தபின், மிச்ச மின்சாரம் வடிய, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

நம்ம ஊர் ஜனவரியில் இன்னொரு கவனம் வேண்டும். உறைபனிக் காலத்தில் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொரியுமே, அந்த நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும், கண்ணுக்கும் தெரியாது. ஸ்வெட்டரை வேறு அறையில் கழற்றிவிட்டு வாருங்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டபின் ரேமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. பனியில் எடுத்து வந்திருந்தால், வியர்க்காமலிருக்க அரைமணி நேரம் கவரிலேயே இருக்கட்டும்.

ரேமை போர்டில் அதற்குரிய ஸ்லாட்டில் வெட்டுப்பள்ளம் பொருந்த வைத்து, இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள், கிளிப் "டக்" என்று தானே பூட்டும். திரை வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால், மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் காரணமாக இருக்கும்.