ஓட்ஸ் குக்கீயும் அப்பாவின் மாத்திரையும்

வணக்கம் அக்கா,

அப்பாவுக்கு வயது 61. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 162 என்று வந்தது, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாலை நாலு மணி டீயோடு வர்க்கியோ பட்டர் பிஸ்கட்டோ இல்லாமல் அப்பாவால் முடியாது. அதனால் நானே ஓட்ஸ் குக்கீ செய்ய ஆரம்பித்தேன். ஓட்ஸ், கோதுமை மாவு, வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் தலா 100 கிராம், 20 குக்கீ வருகிறது. அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், "இதுவே கொலஸ்ட்ராலைக் குறைச்சிடும், மாத்திரை எதுக்கு?" என்கிறார். நிஜமாகவே குறையுமா? வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போட்டால் இன்னும் நல்லதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் மாத்திரை. அதை அப்பா தானாக நிறுத்த வேண்டாம், தயவுசெய்து. என் அண்ணன் இப்படித்தான் ஓட்ஸை நம்பி நாலு மாதம் மாத்திரையை விட்டுவிட்டார், அடுத்த ரிப்போர்ட்டில் எல்டிஎல் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கொலஸ்ட்ராலுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரைகள் வழக்கமான அளவிலேயே எல்டிஎல்லை 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும். ஓட்ஸைச் சரியான அளவில் தினமும் சாப்பிட்டால் 5 முதல் 7 சதவீதம் இறங்கும், அதாவது 162 என்பது 150க்குப் பக்கத்தில் வரும். அது நல்ல உதவிதான், ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யாது.

ஓட்ஸ் கஞ்சி ஆறினால் கொழகொழவென்று ஆகிறதே, அந்தக் கொழகொழப்புதான் விஷயம். பீட்டா குளுக்கான் என்கிற கரையும் நார்ச்சத்து அது. குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும், கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய வேண்டியிருப்பதால் ரத்தத்தில் இருக்கிற எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். இதற்குத் தினம் 3 கிராம் பீட்டா குளுக்கான் வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலம் பற்றிப் போட்டுக்கொள்ள அனுமதித்தபோது சொன்ன கணக்கும் இதுதான். ஓட்ஸில் அது சுமார் 4 சதவீதம், ஆக 75 கிராம் ஓட்ஸ். உங்கள் குக்கீ ஒன்றில் இருப்பது 5 கிராம் ஓட்ஸ். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 15 குக்கீ, கூடவே 75 கிராம் வெண்ணெயும் 75 கிராம் சர்க்கரையும்!

இன்னொன்றும் இருக்கிறது. 2003இல் நெதர்லாந்தில், தினம் கிட்டத்தட்ட 6 கிராம் பீட்டா குளுக்கானை ரொட்டியிலும் குக்கீயிலும் கலந்து நாலு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் பெரிதாக அசையவில்லை. அதே குழு 5 கிராமை ஆரஞ்சு ஜூஸில் கலந்து கொடுத்தபோது சுமார் 7 சதவீதம் இறங்கியது. மாவாகப் பிசைந்து, சுட்டு, எடுத்து வைப்பதில் அந்தக் கொழகொழப்பு குறைந்துவிடலாம் என்பது அவர்கள் ஊகம். எல்லா ஆய்வும் அப்படி முடியவில்லை. 1963இல் அதே நாட்டில் ஓட்ஸ் ரொட்டி சாப்பிட்டவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் அந்த ரொட்டியில் தினம் 140 கிராம் ஓட்ஸ் இருந்தது.

அதனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற வேலையைக் கஞ்சியிடம் கொடுங்கள். காலையில் 40 கிராம் ஓட்ஸை வேகவைத்து, ஆறியதும் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டால் நம் ஊர்க் கஞ்சி மாதிரியே இறங்கும். இரவு காய்கறி போட்டு 35 கிராம். மசாலா ஓட்ஸ் பாக்கெட் வேண்டாம், உப்பு அதிகம். ஒரு வேளை பார்லி கஞ்சி வைத்தாலும் சரிதான், அதிலும் இதே நார்ச்சத்து உண்டு.

அப்புறம் குக்கீ எதற்கு என்றால், வர்க்கியையும் பட்டர் பிஸ்கட்டையும் வீட்டை விட்டு அனுப்ப. அது சின்ன வேலை இல்லை, அதை நீங்கள் ஏற்கனவே செய்துவிட்டீர்கள். இனி வெண்ணெயை மட்டும் எடுக்க வேண்டும். வெண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவதே அதுதான். தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல், எனவே அதுவும் வேண்டாம். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், பாதிக்கும் கீழே குறையுங்கள்.

நான் செய்வது இப்படி: ஓட்ஸ் 120 கிராம், கோதுமை மாவு 50, நாட்டுச்சர்க்கரை 40, கடலை எண்ணெய் 50 மில்லி, நன்றாகக் கனிந்த ரஸ்தாளி இரண்டு, ஒன்றிரண்டாக இடித்த வறுத்த நிலக்கடலை 40, உலர்திராட்சை 30, கொஞ்சம் பட்டைத் தூள், கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பழத்தை மசித்து எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, மற்றதைப் போட்டுப் பிசைந்து 20 நிமிடம் அப்படியே விடுங்கள். இந்த 20 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், ஓட்ஸ் ஈரத்தைக் குடிக்காவிட்டால் குக்கீ உதிர்ந்துபோகும். 16 உருண்டையாக்கித் தட்டி, முன்பே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடுங்கள், நடுவில் மெத்தென்று இருந்தால் பரவாயில்லை, ஆறும்போது இறுகும்.

பழம் சேர்ந்திருப்பதால் மூன்று நாளைக்கு மேல் வெளியே வைக்க முடியாது, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். டீக்கு இரண்டைத் தட்டில் வைத்துவிட்டு டப்பாவை உடனே உள்ளே எடுத்துப் போய்விடுங்கள்.