ஏழு பேருக்கு ஹனாபி சரிவருமா?

சனிக்கிழமை கூடும் ஏழு பேருக்கு ஹனாபி என்ற சீட்டாட்டம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதில் அதிகபட்சம் ஐந்து பேர்தான் ஆட முடியும். இருவர் சும்மா உட்கார வேண்டிவரும்.

2013இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது வாங்கியது, நல்ல ஆட்டம்தான். ஆனால் நம் சீட்டு நமக்கே தெரியாது, மற்றவர்களுக்குக் காட்டித்தான் பிடிக்க வேண்டும். "இவை இரண்டும் சிவப்பு" என்பதுபோல அளந்துதான் துப்புக் கொடுக்கலாம். எங்கள் மாமா ஒருவர் சீட்டைத் தொட்டாலே "ம்ம்ம்..." என்று இழுப்பார். போச்சு! அதுவே துப்பாகிவிடும்.

உங்கள் கூட்டமும் கலகலப்பு என்றால் அவசரப்படாதீர்கள். முதலில் காகிதத் துண்டுகளில் எழுதி ஆடிப் பாருங்கள்: ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றிலும் 1 மூன்று, 2, 3, 4 இரண்டிரண்டு, 5 ஒன்றே ஒன்று.