பெயரைக் காப்பாற்றப் பலியான பிள்ளைகள்

கேள்வி: ஊருக்கே ஒழுக்கம் போதிப்பவர்கள், தங்கள் நிறுவனத்துக்குள் நடக்கும் பாலியல் கொடுமையை மட்டும் ஏன் மூடி மறைக்கிறார்கள்?
- ஒரு வாசகி

பதில்: பிள்ளைகளைவிட நிறுவனத்தின் பெயர் அவர்களுக்குப் பெரிதாகிவிடுகிறது, சகோதரி.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பெண்மணி, தன் குடும்பத்துச் சிறுவர்கள் ஏழு பேரைச் சீரழித்த கத்தோலிக்கப் பாதிரியாரைப் பற்றி 1982-லேயே பேராயருக்குக் கடிதம் எழுதினார். 1984-ல் புதிய பேராயராக வந்த பெர்னார்ட் லா என்ன செய்தார்? அதே பாதிரியாரை இன்னொரு பங்குக்கு, அதாவது வேறொரு வட்டாரத்தின் தேவாலயத்துக்கு, மாற்றினார். அங்கேயும் சிறுவர்கள் இருந்தார்களே!

2002-ல் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் எல்லாவற்றையும் அம்பலப்படுத்தியது. அந்த டிசம்பரில் லா பதவி விலகினார். ஆனால் 2004-ல் ரோமின் புகழ்பெற்ற பசிலிக்கா (பேராலயம்) ஒன்றின் தலைமைப் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் கடிதத்தை எழுதிய பெண்ணின் முகத்தில் யார் விழிப்பது?